நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, தளர்ந்துபோகும் அப்பாவின் நடை: காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது. ரயில் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர், இப்போது டியூக் நெடுஞ்சாலையை ஒட்டிய அடுக்குமாடியில் நாலாவது மாடியில் மகளோடு இருக்கிறார். இனிப்புநீர் உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, சிகரெட்டை விட்டுப் பத்து வருடமாகிறது. இரண்டு வருடமாக நடை மெதுவாகிவிட்டது, நாற்காலியில் இருந்து எழும்போது கையை ஊன்றுகிறார், சந்தைக்குப் போய் வந்தால் அன்றைக்கு முழுக்கப் படுத்துவிடுகிறார். கிளினிக்கில் கேட்டால் "வயசாச்சு, முட்டி தேய்ஞ்சிருக்கு" என்கிறார்கள். ஜன்னல் கட்டையில் தினமும் படிகிற கறுப்புத் தூசியைப் பார்க்கும்போது இந்தப் புகைதான் காரணமோ என்று தோன்றுகிறது, அப்படியென்றால் காலை நடையை நிறுத்திவிடவா, ரவாங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடவா என்பது அவருடைய கேள்வி.

நான் பிசியோதெரபிஸ்ட். அரசாங்க மருத்துவமனையில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது கோலாலம்பூரில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கிறேன், அதில் பாதிப் பேர் இதே மாதிரி சாலையோர அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகச் சொன்னால், காற்று ஒரு காரணமாக இருக்கலாம், அதை வெறும் சந்தேகம் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நடையை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள், நடக்கிற இடத்தை மாற்றுங்கள். காற்றுக்குப் பயந்து வீட்டில் உட்கார வைத்து, அந்த உட்கார்ச்சியிலேயே கால் போய்விட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், புகையைவிட அது சீக்கிரம் ஆளை முடக்கும்.

காற்றுத் தூய்மைக்கேடு என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். 1997, 2005, 2013, 2015, 2019 என்று வருடத்தைச் சொன்னாலே போதும், கண் எரிச்சலும் மூடிய பள்ளிக்கூடமும் ஞாபகம் வரும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவித்தார்கள், 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. அதெல்லாம் நிஜமான ஆபத்து, அந்த நாட்களில் ஆஸ்துமாவும் நெஞ்சுவலியும் அதிகமாகும். ஆனால் உங்கள் அப்பாவின் கால் பலத்தைப் பற்றிக் கேட்டால் நான் அதிகம் கவலைப்படுவது புகைமூட்டம் இல்லாத மற்ற நாட்களைப் பற்றித்தான், அதாவது வானம் நீலமாகத் தெரிந்தாலும் கீழே லாரியும் பஸ்ஸும் மோட்டாரும் விடிய விடிய ஓடுகிற, யாரும் எதையும் அறிவிக்காத சாதாரண நாட்கள். நடை குறைவது ஒரு வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை. பத்து, பதினைந்து வருடம் மூச்சில் போனதன் கணக்கு அது.

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் 65 வயதைத் தாண்டியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, அவர்கள் வீட்டருகே வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் எவ்வளவு என்று கணக்கிட்டு 2016-ல் ஒரு ஆய்வு வந்தது. அந்த வாயு அதிகமான இடத்தில் நெடுநாள் இருந்தவர்களுக்கு நடப்பது, குனிவது, படியேறுவது போன்ற இயக்கம் வேகமாகக் குறைந்திருந்தது. அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 25,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்து, யார் தன் காரியத்தைத் தானே செய்யும் நிலையை இழந்து மற்றவர் உதவிக்கு வந்தார்கள் என்று பார்த்தார்கள். நுண்துகளும், குறிப்பாகப் போக்குவரத்தில் இருந்து வரும் மாசும் அதிகமாக இருந்தவர்களுக்கு அந்த நிலை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இது எல்லாம் கூட்டத்தை வைத்துச் சொல்லும் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தனி ஒருவரைக் காட்டி "இவருக்கு இதனால்தான் வந்தது" என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. இனிப்புநீர், பழைய சிகரெட்டுப் பழக்கம், எடை, உழைத்த உழைப்பு எல்லாம் இதில் கலந்திருக்கும், தனி ஆளுக்கு அவற்றின் பங்கு பெரும்பாலும் காற்றைவிடப் பெரியது. ஆனால் காற்று எல்லோர் மூக்கிலும் போவதால், ஒருவருக்குச் சிறியதாகத் தெரியும் பாதிப்பு ஒரு நகரம் முழுக்கச் சேரும்போது மிகப் பெரியதாகிவிடுகிறது.

மூச்சில் போவது கால்களை எப்படிப் பாதிக்கும் என்று கேட்பீர்கள். பிஎம் 2.5 என்று சொல்கிற நுண்துகள், 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவோ இருக்கும், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை போய்விடும். அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்துக்குள்ளேயே நுழையும். உடம்பு அதைக் கிருமி மாதிரி நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டை தீராமல் உள்ளே அழற்சியாகவே நின்றுவிடுகிறது. உங்கள் அப்பா பட்டறையில் பார்த்திருப்பாரே, இரும்பில் துரு ஏறுவது, அந்த மாதிரி மெதுவாக, சத்தமில்லாமல். ரத்தக் குழாய் விறைக்கிறது, காலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, இதயமும் நுரையீரலும் கொஞ்சம் சோர்கின்றன, மூச்சு வாங்குவதால் ஆள் நடையைக் குறைத்துக்கொள்கிறார், நடை குறைந்ததும் தசை கரைகிறது. வயதானவருக்குத் தசை கரைவது சுலபம், திரும்ப ஏற்றுவதுதான் பாடு. பக்கவாதத்துக்கும் காற்று ஒரு காரணம் என்பது இப்போது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம், ஒரு பக்கவாதம் வந்தால் கை கால் ஒரே நாளில் போய்விடுகிறது.

எலும்பும் தப்பவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 65 வயதைத் தாண்டியவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2017-ல் வந்த ஆய்வில், நுண்துகள் அதிகமான பகுதிகளில் எலும்பு முறிவுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் அதிகமாக இருந்தார்கள். இந்தியாவில், ஹைதராபாத்துக்கு வெளியே 28 கிராமங்களில் 3,700-க்கும் மேற்பட்டவர்களின் இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தியை அளந்தபோதும், பிஎம் 2.5 கூடக் கூட எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. அதில் இருந்தவர்களில் நிறையப் பேர் வயதானவர்களே இல்லை. நம் உடல்வாகு, நம் மாதிரிச் சமையல் உள்ள ஆட்களிடம் பார்த்தது என்பதால் எனக்கு அது கூடுதலாகவே உறைக்கிறது.

சரி, ஆனால் காற்றின் மேல் பழியைப் போடுவதற்கு முன் அப்பாவிடம் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன, இவற்றை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் மூடினால் பயனில்லை. முதலாவது, இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறாரா? அது நாளடைவில் உடம்பில் வைட்டமின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் பாதம் மரத்து, தரை எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியாமல் தடுமாறும், களைப்பும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும், ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள். மாத்திரையை அவராக நிறுத்திவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, நடக்கும்போது கெண்டைக்காலில் பிடித்து இழுத்து, நின்றால் சரியாகிறது என்றால் அது முட்டி இல்லை, கால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் குனிந்து சாய்ந்தால் மட்டும் நன்றாக நடக்கிறார், நிமிர்ந்தால் கால் கனக்கிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுவதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கை மட்டும் வீசாமல், அடி சின்னச் சின்னதாக விழுந்தால் நரம்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சந்தைக்குப் போய் வந்து நாள் முழுக்கப் படுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முட்டியைவிட அதுதான் உறுத்துகிறது. இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கச் சொல்லுங்கள், பழைய சிகரெட்டுக்காரர், டீசல் எஞ்சின் நடுவில் வேலை பார்த்தவர் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்று போதும், பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

"வயசாச்சு" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. 72 வயதில் கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழ முடிய வேண்டும். 2018-ல் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் ஏறக்குறைய 17 விழுக்காட்டினர்தான் குளிப்பது, உடுத்துவது, படியேறுவது போன்ற அன்றாடக் காரியங்களில் தடை உள்ளவர்கள். மீதி எண்பதுக்கும் மேற்பட்ட விழுக்காட்டினர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் அதே வயதுதான்.

வீட்டிலேயே இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அப்பாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி, ஐந்து தடவை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசிய நாடுகளுக்கென்று 2019-ல் வகுத்த அளவுகோலின்படி கால்களின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நடைபாதையில் ஆறு மீட்டர் அளந்து வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள், ஆறு விநாடிக்குள் கடந்தால் நல்லது. இரண்டு எண்ணையும் தேதி போட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் "அப்பா மெதுவா நடக்கிறாரு" என்று சொல்வதைவிட, "மார்ச்சில் 13 விநாடி, இப்போ 19 விநாடி" என்று சொன்னால் கேட்கிற விதமே வேறாக இருக்கும்.

இனி காற்றுக்கு வருகிறேன். நம் நாட்டுக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை, அதுதான் ஐபியு, சுற்றுச்சூழல் துறையின் பக்கத்தில் பார்க்கலாம். கோலாலம்பூருக்குள் பத்து மூடாவிலும் செராஸிலும் நிலையங்கள் இருக்கின்றன, உங்களுக்குப் பக்கம் பத்து மூடா. அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நம் குறியீட்டில் பச்சை நிறம் 'நன்று' என்பதைக் காட்டுவதில்லை. நன்று என்பதற்கு நீலம், 50 வரை. பச்சை 51 முதல் 100 வரை, 'மிதம்'. பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அதோடு நுண்துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரி, ஒரே நிலையம் பல கிலோமீட்டருக்கான காற்றைச் சொல்கிறது. காலை ஏழரை மணிக்கு உங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே வரிசை கட்டி நிற்கிற வண்டிகளின் புகை அதில் தெரியாது. ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு அளவு 15. கோலாலம்பூர் காற்று அந்த 5-ஐப் பல மடங்கு தாண்டியே இருக்கிறது, புகைமூட்டம் இல்லாத வருடத்திலும்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. 100-ஐத் தாண்டினால் திடலில் விளையாட்டு இல்லை, 200-ஐத் தாண்டினால் பள்ளி மூடல். வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டிக்கு அப்படி யாரும் மணி அடிப்பதில்லை, நாம்தான் விதி போட வேண்டும். என் விதி இது: 100-ஐத் தாண்டினால் வெளி நடை வேண்டாம், பேரங்காடிக்குள் குளிரூட்டியில் நடக்கட்டும், அல்லது வீட்டுக்குள் பயிற்சி. பச்சை நாளில் நடக்கலாம், ஆனால் சாலையோரமாக வேண்டாம்.

இந்த 'சாலையோரமாக வேண்டாம்' என்பதற்கு நல்ல ஆதாரம் லண்டனில் இருந்து கிடைக்கிறது. 60 வயதைத் தாண்டிய 119 பேரை, சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலர் நுரையீரல் நோயாளிகள், சிலர் இதய நோயாளிகள், இரண்டு மணி நேரம் நடக்க வைத்தார்கள். ஒரு தடவை டீசல் பஸ்ஸும் டாக்சியும் ஓடுகிற ஆக்ஸ்ஃபோர்டு தெருவில், இன்னொரு தடவை ஹைட் பூங்காவில். பூங்காவில் நடந்தபோது நுரையீரல் நன்றாக வேலை செய்தது, ரத்தக் குழாய் இளகியது, பலன் அடுத்த நாள் வரைக்கும் நின்றது. தெருவில் நடந்தபோது அந்தப் பலனில் பெரும்பகுதி காணாமல் போனது. அதே கால், அதே இரண்டு மணி நேரம். நடந்த இடம் ஒன்றுதான் வேறு.

உங்கள் அப்பா எங்கே நடக்கிறார்? செந்தூலில் நான் பார்க்கிற பெரியவர்கள் பலர் காலை ஆறு மணிக்கு எழுந்து ஜாலான் ஈப்போ ஓரமாகவே நடந்து, ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அதே வழியில் திரும்புகிறார்கள். விடியற்காலைக் காற்று சுத்தம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. தோட்டத்தில் இருந்த காலத்துக்கு அது சரி. நெடுஞ்சாலை பக்கத்தில் கதை வேறு. கோலாலம்பூரில் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வருகிறது, அதுவரை குளிர்ந்த காற்று தரையோடு படிந்து நிற்கும், மேலே ஏறாது, வண்டிகள் விடுகிற புகை அதற்குள்ளேயே தேங்கும். பகலில் நெடுஞ்சாலையில் இருந்து 150, 300 மீட்டர் தள்ளிப் போனால் வாகனப் புகை பெரும்பாலும் அடங்கிவிடும், சூரியன் வருவதற்கு முன்போ அது இன்னும் வெகுதூரம் பரவி நிற்கும் என்று கலிஃபோர்னியாவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். அதனால் எட்டரை, ஒன்பது மணிவாக்கில் நெரிசல் குறைந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் நடந்து முடிப்பது நல்லது. சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்த பிறகு இன்னும் நல்லது, மழை துகளைக் கழுவிவிடும். மதியம் வேண்டாம், வெப்பம் ஒரு பக்கம், வெயிலில் உருவாகும் ஓசோன் இன்னொரு பக்கம்.

இடம் என்று பார்த்தால் தித்திவங்சா ஏரிப் பூங்கா உங்களுக்குப் பக்கம், ஆனால் சாலையை ஒட்டிய ஓரத்தைத் தவிர்த்து உள்பக்கமாக ஏரியைச் சுற்றச் சொல்லுங்கள். வார இறுதியில் யாராவது வண்டி எடுக்க முடிந்தால் கெப்போங்கில் வன ஆய்வுக் கழகத்துக் காட்டுக்குக் கூட்டிப் போகலாம், மரம் அடர்ந்த இடம், ஏற்ற இறக்கமும் கொஞ்சம் உண்டு. இரண்டும் முடியாவிட்டால் தாமானுக்குள்ளே இரண்டு தெரு தள்ளிப் போகட்டும், கட்டடங்களின் மறைவே வித்தியாசம் காட்டும்.

ஜன்னல் தூசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் அதைத்தான் பார்த்துப் பயப்படுகிறார்கள். கட்டையில் விரல் வைத்தால் ஒட்டுகிற கறுப்பு பெரும்பாலும் டயர் தேய்மானம், பிரேக் தூள், சாலை மண், பெரிய துகள்கள். நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். ஆனால் பெரியது இவ்வளவு வருகிறது என்றால் சிறியதும் தாராளமாக வருகிறது என்பது சரிதான். நான் போகிற ஒரு வீட்டில் எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் ஈரத் துணியோடு ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்தக் கட்டையைத் துடைப்பார், துணியைப் பிழிந்தால் மை மாதிரி தண்ணீர் வரும். ஆனால் அவர் தூங்குகிற கட்டில் அதே ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. லிஃப்ட் வாரக்கணக்கில் பழுதாகிக் கிடக்கும், அதனால் கீழே இறங்குவதும் இல்லை, அந்த ஜன்னல்தான் அவருக்கு வெளியுலகம். பேரனை விட்டுக் கட்டிலைப் பின்பக்க அறைக்கு மாற்ற வைத்தோம், பகலில் உட்கார முன்பக்கம் ஒரு நாற்காலி போட்டோம். செலவு எதுவும் இல்லை. வயதானவர்கள் வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பது தூங்குகிற அறையில்தான், முதலில் அதை மாற்றுங்கள்.

அதே கணக்கில் நெடுஞ்சாலைப் பக்க ஜன்னலைக் காலை ஆறரையில் இருந்து ஒன்பதரை வரைக்கும், சாயங்காலம் ஐந்தில் இருந்து எட்டு வரைக்கும் சாத்துங்கள், மற்ற நேரத்தில் பின்பக்க ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் மூடி அடைத்துவிடாதீர்கள், நம் வெப்பத்தில் மூடிய வீட்டில் வயதானவர் மயங்கிவிடுவார், அது உடனடி ஆபத்து. சாதாரண ஏர்கோன் காற்றைக் குளிர்விக்கும், நுண்துகளை வடிகட்டாது. காற்று வடிகட்டும் கருவி வாங்க முடிந்தால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, அந்த அறையின் அளவுக்கு ஏற்றதாக ஒன்று வாங்கிப் படுக்கை அறையில் மட்டும் போடுங்கள், கூடத்தில் வைத்துக் கதவைத் திறந்து விட்டால் வீண். ஓசோன் விடுகிற வகை வேண்டவே வேண்டாம். வடிகட்டியை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், மாற்றாமல் ஓடும் கருவி வெறும் விசிறிதான்.

வீட்டுக்குள்ளேயே நாம் கிளப்புகிற புகையையும் பார்க்க வேண்டும், இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கிற கொசுவத்திச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வந்த ஆய்வில், ஒரே ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிந்து வருவதற்குச் சமம் என்று கண்டார்கள். ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில் அது எரிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, நெடுஞ்சாலையே தோற்றுப்போகும். டிங்கி இருக்கிற ஊரில் கொசுவை விட்டுவிடவும் முடியாது, ஜன்னல் வலை, கொசுவலை, விசிறி இவற்றுக்கு மாறுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை உண்டு, ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்து, அப்பா வேறு அறையில் இருக்கும்போது போடலாம். வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் புகை உறிஞ்சியை ஓட விடுங்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் பக்கத்துச் சீனர் வீடுகளில் காகிதம் எரிக்கும் இரவுகளில் அந்தப் பக்க ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டால் போதும், அது அவர்கள் வழிபாடு, சில நாள்தான்.

முகக்கவசம் பற்றியும் கேட்பீர்கள். புகைமூட்ட நாளில் வெளியே போயே ஆக வேண்டும் என்றால் முகத்தோடு நன்றாக ஒட்டுகிற என்95 அல்லது கேஎன்95 வகைதான் நுண்துகளைத் தடுக்கும், நீல நிற மருத்துவக் கவசத்தின் பக்கவாட்டில் காற்று தாராளமாகப் போய் வரும். அதைப் போட்டு மூச்சு முட்டினால் வற்புறுத்தாதீர்கள், வெளிவேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கால் பலத்துக்கு வருகிறேன், என் தொழில் இதுதான் என்பதால் அடித்துச் சொல்ல முடியும்: காற்றை உங்களால் கொஞ்சம்தான் மாற்ற முடியும், தசையை நிறையவே மாற்ற முடியும். சோதனைக்குச் செய்தீர்களே, நாற்காலியில் எழுந்து உட்காருவது, அதுவேதான் பயிற்சியும். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, ஆரம்பத்தில் கை ஊன்றினாலும் பரவாயில்லை, நாளாக நாளாக ஊன்றுவதைக் குறைக்க வேண்டும். குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு காலில் பத்து விநாடி நிற்பது. முட்டி வலி இருந்தால் படி இறங்குவதைக் குறைத்து ஏறுவதை வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே செய்யலாம், ஐபியு எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை. நெஞ்சு இறுக்கம், தலை சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை திடீரென்று தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 999.

சாப்பாட்டில் புரதம் பாருங்கள். நம் பெரியவர்கள் ராத்திரிக்கு இரண்டு துண்டு ரொட்டியும் தேத்தண்ணியும் என்று முடித்துவிடுகிறார்கள், அதில் தசை எங்கிருந்து ஏறும்? முட்டை, கெம்போங் மீன், பருப்பு, தௌஃபு, தெம்பே, எது பிடிக்கிறதோ அது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்பது வயதானவர்களுக்கான பொது அளவு. இனிப்புநீர்க்காரர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் கூட்ட வேண்டும். வைட்டமின் டி-யையும் பார்க்கச் சொல்லுங்கள், இவ்வளவு வெயில் இருந்தும் மலேசிய இந்தியர்களிடம் அது குறைவாக இருப்பது சகஜம்.

எனக்கு உள்ள ஆதங்கத்தையும் எழுதிவிடுகிறேன். நெடுஞ்சாலைக்கு ஐம்பது மீட்டரில் நிற்கிற அடுக்குமாடிகளில் இருப்பது யார்? ரயில்வேயிலும் நகராண்மைக் கழகத்திலும் லாரியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள். காற்று வடிகட்டி வாங்கவோ வீடு மாறவோ அவர்களிடம் பணம் கிடையாது. டீசலின் தரத்தை 2021-ல் யூரோ 5-க்கு உயர்த்தினார்கள், அது நல்ல காரியம், ஆனால் பழைய லாரியும் பழைய பஸ்ஸும் இன்னும் கறுப்பாகத்தான் கக்கிக்கொண்டு போகின்றன. குடியிருப்போர் சங்கம் உங்கள் கட்டடத்தில் இருந்தால் லிஃப்டைப் பற்றிப் புகார் செய்யும்போதே நெடுஞ்சாலைப் பக்கம் தடுப்புச் சுவரும் மரமும் கேளுங்கள், திறந்தவெளியில் குப்பை எரிப்பவர்கள் மேல் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுங்கள், அது சட்டப்படி குற்றம். வயதானவர்கள் பெயரைப் போட்டு மனு கொடுத்தால் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் சேவை மையங்களில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ரவாங். உடனே அனுப்பிவிடாதீர்கள். தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் லாரிப் பாதையோ கல்குவாரியோ சிமெண்டு ஆலையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ரவாங் முழுக்கப் பச்சை என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிட முக்கியம், அங்கே அவர் எங்கே நடப்பார், யாரோடு பேசுவார்? செந்தூலில் அவருக்குப் பட்டறை நண்பர்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, தேத்தண்ணிக் கடைக்கு நடந்து போகிறார். ரவாங்கில் தம்பியும் மனைவியும் வேலைக்குப் போனபின் வாசல் கேட்டைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்காருவார் என்றால், காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஆறு மாதத்தில் கால் இன்னும் மோசமாகும். அங்கே தாமானுக்குள் நடக்க நிழலான பாதையும், போய் உட்கார மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையமும் இருந்தால் யோசிக்கலாம். ஒரு மாதம் சும்மா போய் இருந்து பார்க்கட்டும். போவதற்கு முன்னும் வந்த பின்னும் அந்த நாற்காலிச் சோதனையைச் செய்து, மூச்சு எப்படி இருக்கிறது, தூக்கம் எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள், அப்புறம் எங்கே இருப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதற்கு முன்னால், அடுத்த கிளினிக் தேதியில் பி12 ரத்தப் பரிசோதனையும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் கேளுங்கள், பிசியோதெரபிக்கும் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள்.